யாரு தொட்டது?

விஜயதசமி காலை. ஊரில் பாதிப் பேர் பிள்ளைகளை மடியில் வைத்து அரிசியில் அகரம் எழுதிக்காட்டிக்கொண்டிருந்த நேரத்தில், ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் ஹர்ஷா தன் கேமிங் லேப்டாப்பின் பவர் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றான். விரலை எடுத்தான். மறுபடி அழுத்தினான். கீபோர்டில் வழக்கமாக ஓடுகிற சிவப்பும் நீலமும் ஓடவில்லை. உள்ளே ஃபேன் சுற்றும் சத்தம் இல்லை. கறுப்புத் திரையில் அவன் முகம் மட்டும் தெரிந்தது. அந்த முகம் அப்போது பார்க்கிற மாதிரி இல்லை.

சமையலறையில் சுண்டலுக்குத் தாளித்துக்கொண்டிருந்த அவன் மனைவி மாளவிகா, பட்டன் அழுத்துகிற சத்தத்தை எண்ணெய் பொரிகிற சத்தத்துக்கு நடுவிலும் கேட்டாள். கடுகு கருகியது. அவள் கவனிக்கவில்லை. அந்த லேப்டாப்புக்கு என்ன ஆயிற்று என்று அந்த வீட்டில் தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

முந்தின நாள் சரஸ்வதி பூஜை. ஹர்ஷாவுக்குச் சிறுசேரியில் ஒரு ஐ.டி. கம்பெனியில் வேலை. வெளிநாட்டு வாடிக்கையாளனுக்கு ஆயுத பூஜையும் கிடையாது, அவலும் பொரியும் கிடையாது. ஆகவே ஆபீஸ் லேப்டாப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு அவன் போய்விட்டான். பலகையில் மகள் ஸ்ம்ருதியின் நாலாம் வகுப்புப் புத்தகங்களை அடுக்கப்போன மாளவிகாவுக்கு மனசு கேட்கவில்லை. அவன் கம்பெனியில் ஆட்களைக் குறைக்கப்போவதாக ஒரு மாதமாகப் பேச்சு. சோறு போடுகிற கருவி பூஜையில் இல்லையென்றால் எப்படி? அது இல்லாத இடத்தில் இதுவாவது இருக்கட்டும் என்று கேமிங் லேப்டாப்பைக் கொண்டுவந்து அடியில் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, மேலே புத்தகங்களை அடுக்கி, எல்லாவற்றையும் பட்டுத்துணியால் மூடினாள். என் லேப்டாப்புக்குப் பொட்டு வைக்கிற வேலையெல்லாம் வேண்டாம் என்று போன வருஷமே அவன் சொல்லியிருந்தான். மூடியிருந்தால் தெரியாது என்று நினைத்தாள்.

நைவேத்தியத்துக்கு நீர் சுற்றும்போது முந்தானை பட்டுச் சொம்பு சாய்ந்தது. சொம்புத் தண்ணீர் முழுவதும் பலகையில் ஓடி, பட்டுத்துணிக்கு அடியில் போய், லேப்டாப்பின் பின்பக்கத்துக் காற்றுத் துளைகளில் இறங்கியது. வேறு யாராக இருந்தாலும் அந்த நிமிஷமே அதைத் தூக்கிக் கவிழ்த்திருப்பார்கள். மாளவிகா தூக்கவில்லை. பூஜையில் வைத்ததை மறுநாள் காலை மறுபூஜை முடித்து, கொஞ்சம் வடக்கே நகர்த்திய பிறகுதான் எடுக்க வேண்டும். அவளுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அதுதான் பழக்கம். அதுவும் ஸ்ம்ருதிக்கு மார்க் இறங்கிக்கொண்டே போகிற வருஷம். சரஸ்வதியிடம் எதற்கு வம்பு என்று பலகையைச் சுற்றித் துண்டால் ஒற்றியெடுத்துவிட்டு, கும்பிட்டுவிட்டு வந்துவிட்டாள். நேரம் கழித்து வந்த ஹர்ஷா மேஜைப் பக்கம் பார்க்காமல் நேராகப் படுத்துவிட்டான். லேப்டாப் ராத்திரி முழுவதும் ஈரத்திலேயே கிடந்தது.

காலையில் அவன் எழுவதற்கு முன்னால் மறுபூஜையை முடித்து, அதை எடுத்து, பொட்டை அழித்து, மேஜையில் இருந்த இடத்திலேயே வைத்தாள். வைக்கும்போது ஒரு மூலையிலிருந்து சொட்டு விழுந்தது. அதையும் துடைத்தாள்.

“யாரு தொட்டது?”

அறைக்குள்ளிருந்து குரல் வந்தது. அந்த வீட்டில் எது நடந்தாலும் முதலில் வருவது இந்தக் கேள்விதான். பால் பொங்கினால் யாரு. குழாய் சொட்டினால் யாரு. டிவி ரிமோட்டைக் காணவில்லை என்றால் யாரு. ஹர்ஷா கை நீட்டுகிறவன் இல்லை. அதை அவனே நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்வான், ஏதோ பதக்கம் வாங்கின மாதிரி. ஆனால் ஒருத்தர் நான்தான் என்று ஒத்துக்கொள்ளும்வரை விடமாட்டான். அறைக்கு அறை போவான், கேட்பான், குரலை ஏற்றுவான், பழைய கணக்கையெல்லாம் இழுப்பான், சாப்பாட்டுத் தட்டு முன்னால் நின்று கேட்பான். ஒத்துக்கொண்டுவிட்டால் அரைமணி நேரத் திட்டு, அதோடு முடிந்தது. அதனால் அந்த வீட்டில் எல்லோருக்கும் இரண்டு வாக்கியங்கள் நன்றாகப் பழகியிருந்தன. நான் இல்ல. எனக்குத் தெரியாது. ஸ்ம்ருதி வாய்ப்பாட்டுக்கு முன்னால் கற்றுக்கொண்டது இவை இரண்டையும்தான்.

இதே ஹர்ஷாவுக்கு ஆபீஸில் வேறு முகம். வாடிக்கையாளனின் சர்வர் படுத்துவிட்டால், ஏன் படுத்தது என்று மறுநாள் கூடிப் பேசுகிற கூட்டத்தை நடத்துகிறவன் அவன். வீட்டிலிருந்து வேலை செய்கிற நாட்களில் அந்தக் கூட்டம் கதவைத் தாண்டி மாளவிகாவுக்குக் கேட்கும். என்ன ஒரு கனிவு, என்ன ஒரு பொறுமை. யாருங்கறது நமக்கு வேண்டாம், என்ன நடந்ததுன்னு மட்டும் சொல்லுங்க என்பான். பேரைக் கேட்டால் ஆள் மறைப்பான், ஆள் மறைத்தால் காரணமும் மறைந்துபோகும் என்பான். புதுசாகச் சேர்ந்த பெண் ஒருத்தி ஏதோ தப்பான பட்டனை அழுத்தி ஒரு பாங்க்கையே நிறுத்திவைத்தபோதுகூட, தைரியமா சொன்னீங்க பாருங்க, அதுக்கே தேங்க்ஸ் என்றான். அந்த நடத்தைக்காகக் கம்பெனி கொடுத்த கண்ணாடிப் பட்டயம், இப்போது உயிரில்லாமல் கிடந்த லேப்டாப்புக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தது.

“மாளவிகா, உன்னைத்தான். யாரு தொட்டது?”

“நான் தொடல,” என்றாள் மாளவிகா. வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் அது பொய் என்பது அவளுக்கே உறைத்தது. இனிமேல் மாற்ற முடியாது. மாற்றினால் தொட்டதற்கு ஒரு திட்டு, பொய்க்கு இன்னொரு திட்டு.

ஹர்ஷா லேப்டாப்பை விடவில்லை. அன்று சாயந்திரம் ஆபீஸ் நண்பர்களோடு ஆட வேண்டிய இறுதி ஆட்டம். மூன்று வாரமாக அதே பேச்சு. செங்கல் கனத்துக்கு இருக்கும் சார்ஜரை ஒரு ப்ளக்கிலிருந்து பிடுங்கி இன்னொன்றில் சொருகினான். ஓரத்தில் ஒரு மஞ்சள் விளக்கு மினுக்கி அணைந்தது. அது மினுக்கியதில் அவனுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. யூடியூபில் யாரோ சொன்னதைக் கேட்டு, சார்ஜரைப் பிடுங்கி, பட்டனை வெகுநேரம் அழுத்தி, மறுபடி சொருகினான். பால்கனிப் பக்கத்து ப்ளக்கில் போட்டான். பிரிட்ஜ் ப்ளக்கைக் கழற்றி அதில் போட்டான். ஒவ்வொரு முறையும் விளக்கு மினுக்கியது, அணைந்தது.

மாளவிகா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஈரத்தில் கரண்ட் கொடுக்கக்கூடாது என்று தெரிய இன்ஜினியரிங் படிக்க வேண்டாம். மிக்ஸி நனைந்தால்கூட அவள் வெயிலில் வைத்துவிட்டுத்தான் போடுவாள். தண்ணீர் போயிருக்கிறது, சார்ஜரைப் பிடுங்குங்கள் என்று சொன்னால் போதும். அந்த ஒரு வரியை அவள் சொல்லவில்லை.

“கொஞ்ச நேரம் அப்படியே விட்டுப் பாருங்களேன்,” என்றாள்.

“உனக்கு என்ன தெரியும் இதைப் பத்தி? போய் வேலையைப் பாரு.”

போய் வேலையைப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் ப்ளாஸ்டிக் தீய்கிற வாடை லேசாக வந்தது. மஞ்சள் விளக்கு அதற்கப்புறம் மினுக்கவே இல்லை.

அந்த நேரம் பார்த்துக் கனகவல்லி உள்ளே வந்தாள். அகரம்தென் பக்கத்திலிருந்து வருகிறவள். அந்தக் குடியிருப்பில் நாலு வீடு பெருக்கித் துடைக்கிறாள். விளக்குமாற்றைக் கையில் எடுப்பதற்குள் ஹர்ஷா அவளைப் பிடித்துக்கொண்டான். நேற்று மேஜைப் பக்கம் துடைத்தாயா, ஈரத்துணியை லேப்டாப் மேல் வைத்தாயா, வாளியை மேஜையில் வைத்தாயா என்று வரிசையாக வந்தது கேள்வி. கனகவல்லி முதலில் நேற்று பண்டிகை, தான் வரவே இல்லை என்றாள். அப்படியானால் முந்தாநாள் என்றான் ஹர்ஷா. முந்தாநாளும் மேஜை மேல் கை வைக்கவில்லை என்றாள். பொய் சொல்லாதே என்றான்.

கனகவல்லி விளக்குமாற்றைக் கீழே வைத்தாள்.

“இன்னா சார் பேசுற நீ? தொடலன்னா தொடலதான். நீ கூவுறன்னு தொட்டேன்னு சொல்லணுமா? பயந்துகினு நிக்க நான் இன்னா உன் பொண்டாட்டியா?”

செருப்பைப் போட்டுக்கொண்டு படியில் இறங்கிவிட்டாள். போகும்போது மாளவிகாவை ஒரு பார்வை பார்த்தாள். மாளவிகா ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்த பார்வை அது. மாளவிகா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கே தன்னைப் பிடிக்காமல் போன நிமிஷம் அது.

திமிரைப் பாரு என்றான் ஹர்ஷா. பிறகு ஹாலுக்கு வந்தான். ஸ்ம்ருதி டிவிக்கு ஒரு கை தூரத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

“டிவிக்குள்ளயே போய் உக்காந்துக்கோயேன். எத்தனை தடவ சொல்றது, தள்ளி உக்காருன்னு?”

ஸ்ம்ருதி பின்னால் நகர்ந்தாள். அப்பா டிவியை அணைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்ததுமே அவளுக்குத் தன் முறை வந்துவிட்டது என்று தெரிந்துவிட்டது. லேப்டாப்பில் வீடு கட்டி விளையாடினாயா என்றான். இல்லை என்றாள். போன மாதம் கேட்காமல் எடுத்து விளையாடினாயே என்றான். அது போன மாதம் என்றாள். எதிர்த்துப் பேசாதே என்றான். போர்டில் இருக்கிறதைப் பார்த்து நோட்டில் எழுதத் தெரியவில்லை, ஒன்பதைப் பூஜ்யமாக எழுதி வைக்கிறாய், மிஸ் கூப்பிட்டுச் சொல்கிறாள், உன் கவனமெல்லாம் விளையாட்டில்தான் என்று அது வேறு எங்கோ போய், சுற்றி, மறுபடி லேப்டாப்புக்கே வந்தது. அம்மா தொடவில்லை, கனகவல்லி தொடவில்லை, நான் தொடவில்லை, அப்படியென்றால் யாரு? குரல் ஏறிக்கொண்டே போனது. எதிர்வீட்டுக் கதவு திறந்து மூடியது.

ஸ்ம்ருதி அம்மாவைப் பார்த்தாள். பிறகு கையில் இருந்த க்ரேயானைப் பார்த்தாள்.

“நான்தான்ப்பா.”

“என்ன பண்ண?”

“ஜூஸ் கொட்டிட்டேன். டம்ளரைத் தட்டிவிட்டுட்டேன். அப்புறம் டிஷ்யூ வெச்சுத் துடைச்சிட்டேன்.”

அது பொய் என்று மாளவிகாவுக்குத் தெரியும். பொய்யில் டம்ளர் இருந்தது, டிஷ்யூ இருந்தது, தட்டிவிட்டது என்கிற விவரம் இருந்தது. நாலாம் வகுப்புப் பிள்ளை நிமிஷத்தில் இப்படி ஒரு கதை கட்டுகிறாள் என்றால் இது முதல் தடவையாக இருக்க முடியாது. இதற்கு முன்னால் ஒத்துக்கொண்டதில் எத்தனை இப்படி? பூந்தொட்டி உடைந்ததா? கார் கண்ணாடியில் விழுந்த கீறலா? நான்தான் என்று இப்போதே சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தாள். ஹர்ஷாவின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. மூடிக்கொண்டாள். மகள் தலையில் தன் தப்பை ஏற்றிவிட்டு நின்றாள், தாயென்று பெயர்.

ஹர்ஷாவுக்குத் தெம்பு வந்துவிட்டது. குற்றவாளி கிடைத்தாயிற்று. ஸ்கூலில் வண்டலூர் மிருகக்காட்சி சாலைக்குக் கூட்டிக்கொண்டு போகிறார்களே, அதற்கு நீ போகப் போவதில்லை என்று தீர்ப்பும் சொன்னான். லேப்டாப்பைப் பைக்குள் போட்டான். ரிப்பேர் கடைக்கு நீயும் வா, என்ன கொட்டினாய் என்று உன் வாயாலேயே கடைக்காரரிடம் சொல், அப்போதுதான் புத்தி வரும் என்றான். மாளவிகா கேட்காமலேயே செருப்பை மாட்டிக்கொண்டு கூடப் போனாள்.

மேற்குத் தாம்பரத்தில் சண்முகம் சாலைக்குப் பக்கத்துச் சந்தில் பென்னியின் கடை. லேப்டாப் ரிப்பேரில் அந்தப் பக்கத்தில் கொஞ்சம் பேர் எடுத்தவன். சந்து முழுக்க முந்தின நாள் உடைத்த பூசணிக்காய்கள் சிதறிக் கிடந்தன. பென்னி ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவன். ஆனாலும் பக்கத்துக் கடைக்காரர் கையோடு கையாக அவன் ஷட்டருக்கும் ஒரு பட்டை சந்தனம் பூசிவிட்டுப் போயிருந்தார். அதை அவன் அழிக்கவும் இல்லை.

பண்டிகை நாளில் கடையில் வேறு ஆள் இல்லை. ஹர்ஷா விவரத்தைச் சொன்னான். பென்னி லேப்டாப்பைப் புரட்டிப் பார்த்தான்.

“தண்ணின்னா ஒரு வேலை சார், ஜூஸ்னா வேற வேலை. சக்கரை போர்டுல ஒட்டிக்கும். எது பட்டுச்சு, எப்ப பட்டுச்சுன்னு தெரிஞ்சாத்தான் கை வெக்க முடியும்.”

“கேளுங்க, இவதான். சொல்லு ஸ்ம்ருதி.”

பென்னி மேஜைக்கு மேல் குனிந்து, “என்ன ஜூஸ் பாப்பா? எப்ப கொட்டுச்சு?” என்று சாதாரணமாகத்தான் கேட்டான்.

ஸ்ம்ருதி பென்னியைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள். டீச்சர் கேட்ட கேள்விக்குப் பதில் மறந்துபோன பிள்ளை பக்கத்துப் பெஞ்சைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

“எந்த ஜூஸ்னு சொல்லணும்ப்பா?”

ஹர்ஷாவுக்குப் புரியவில்லை. “என்ன?”

“எந்த ஜூஸ்னு சொன்னா சரியா இருக்கும்?”

பென்னி நிமிர்ந்து கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரை வைத்துவிட்டான். மாளவிகா மகளின் தோளில் கை வைத்தாள்.

“அவ ஒண்ணும் கொட்டல. கொட்டினது நான்.”

பூஜை, பட்டுத்துணி, சாய்ந்த சொம்பு, ராத்திரி முழுவதும் எடுக்காமல் விட்டது, காலையில் துடைத்து வைத்தது என்று எதையும் விடாமல் சொன்னாள். வெறும் தண்ணீர், கொஞ்சம் சந்தனம் கலந்திருக்கும் என்று பென்னியைப் பார்த்துச் சொன்னாள். சொல்லி முடித்தபோது குரல் நடுங்கவில்லை. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஹர்ஷா வெடித்தான். காலையிலிருந்து நேருக்கு நேர் கேட்டும் பொய் சொன்னாயா, சொன்னதைக் கேட்காமல் பொட்டு வைக்கிற வேலை எதற்கு, என்னை முட்டாளாக்கிக் கடை வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்தாயா என்று சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினான். எதிரில் டீக்கடையில் நின்றவர்கள் க்ளாஸோடு திரும்பிப் பார்த்தார்கள். மாளவிகா வழக்கம்போலத் தரையைப் பார்க்கவில்லை. அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. மகள் பக்கம் திரும்பினான்.

“அம்மா பண்ணதுக்கு நீ ஏன்டி ஜூஸ் கொட்டினேன்னு சொன்ன?”

“யாராவது ஒருத்தர் நான்தான்னு சொன்னாத்தான் நீங்க நிறுத்துவீங்க,” என்றாள் ஸ்ம்ருதி. “அதான்.”

அதில் குற்றச்சாட்டு இல்லை. மழை வந்தால் துணியை எடுப்பார்கள் என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.

பென்னிக்கு இந்தச் சண்டையில் எந்தப் பக்கமும் நிற்க விருப்பமில்லை. லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றியிருந்தான். சந்தன வாசனையும் தீய்ந்த வாடையும் சேர்ந்து வந்தன.

“சார்ஜ் போட்டீங்களா சார் காலைல?”

“ட்ரை பண்ணிப் பாத்தேன்.”

“எத்தினி வாட்டி?”

ஹர்ஷா விரலை மடக்கி எண்ணத் தொடங்கி, பாதியில் கையை இறக்கிக்கொண்டான்.

“தண்ணி பட்டதுல மட்டும் போயிருக்காது சார். காய வெச்சுக் கொண்டாந்திருந்தா க்ளீன் பண்ணிக் குடுத்திருப்பேன். ஈரத்துல கரண்டு ஏறி போர்டு எரிஞ்சிருச்சு. ஆவாது.”

யார் எரித்தது என்று அந்தக் கடையில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய ஆள் எரிந்த போர்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஆனால் மாளவிகாவுக்கு இரக்கம் வரவில்லை. பத்து வருஷமாக விழுங்கினது எல்லாம் ஒன்றாக மேலே வந்தது.

“காலைல நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இது பொழச்சிருக்கும். எனக்குத் தெரியும். நீங்க ஒவ்வொரு தடவ சொருகறப்பவும் சொல்லணும்னு நினைச்சேன். சொல்லல. ஏன்னு கேளுங்க. ஆபீஸ்ல பாடம் எடுக்கறீங்களே, பேரைக் கேட்டா ஆள் மறைப்பான், ஆள் மறைச்சா காரணமும் மறைஞ்சுபோகும்னு. யாரோ பாங்க்கை நிறுத்தினவளுக்குத் தேங்க்ஸ் சொன்னீங்க. எனக்கும் இவளுக்கும் அந்தப் பேச்சுல ஒரு வரி கெடையாது. வீட்ல முதல் கேள்வியே யாரு. நீங்க கத்தறதால வீட்ல தப்பு கொறையலங்க. பொய்தான் வளந்துது. நான் பொய் சொன்னேன். கனகவல்லி மேல பழி விழுந்தப்போ சும்மா நின்னேன். பெத்த பொண்ணு என் பழியை எடுத்துக்கிட்டப்பவும் சும்மா நின்னேன். அது என் கேவலம், நான் சுமந்துக்கறேன். ஆனா என்னை அப்படி ஆக்கினது உங்க சத்தம்.”

அவன் ஏதோ சொல்ல வந்தான். அவள் கை காட்டி நிறுத்திவிட்டு, போனை எடுத்துக் கனகவல்லியைக் கூப்பிட்டாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். காலையில் பேசாமல் நின்றதற்கு மன்னிப்புக் கேட்டாள். பிறகு போனை ஹர்ஷாவிடம் நீட்டினாள். பென்னி பார்க்கிறான், டீக்கடை பார்க்கிறது, மகள் பார்க்கிறாள். ஹர்ஷா போனை வாங்கி, தப்பா பேசிட்டேன், ஸாரி என்று முணுமுணுத்தான்.

“என்னாண்ட சொன்னது சரி சார். அந்தப் புள்ளயாண்ட சொன்னியா?” என்றது போன். பதிலுக்குக் காத்திருக்காமல் கட்டாகிவிட்டது.

காரில் வீட்டுக்குத் திரும்பினார்கள். ஸ்ம்ருதி பின்சீட்டில் ஜன்னலோரம் ஒண்டியிருந்தாள். செத்த லேப்டாப் பைக்குள் அவளுக்குப் பக்கத்தில் கிடந்தது. ஹர்ஷாவின் போன் இரண்டு முறை அடித்தது, ஆட்டத்துக்குக் கூப்பிடுகிற நண்பர்கள். அவன் எடுக்கவில்லை. பாலத்தில் ஏறி இறங்கி, வேளச்சேரி ரோட்டில் திரும்பிய பிறகுதான் அவன் வாயைத் திறந்தான். ஸ்ம்ருதியிடம் ஸாரி என்றான். வண்டலூருக்குப் போகலாம் என்றான். இனிமேல் கத்த மாட்டேன், எதுவானாலும் அப்பாவிடம் சொல்லு என்றான்.

மாளவிகா நம்பவில்லை. ஒரு நாளில் திருந்துகிற வாய் இல்லை அது. ஸ்ம்ருதியும் நம்பியதாகத் தெரியவில்லை. வீட்டை நெருங்கும்போது பின்னாலிருந்து மெதுவாகக் கேட்டது.

“எதைச் சொன்னாலும் கத்த மாட்டீங்களா?”

“மாட்டேன்.”

“எனக்கு க்ளாஸ்ல போர்டு தெரியறதில்லப்பா. எல்லாம் புகை மாதிரி இருக்கு.”

“என்னது? எத்தனை நாளா? இவ்ளோ நாளா ஏன் சொல்ல...”

குரல் தன் பழைய வழியில் சரசரவென்று ஏறியது. ஸ்ம்ருதி சட்டென்று கதவோடு ஒட்டிக்கொண்டு, லேப்டாப் பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள், அடி விழுவதற்கு முன்னால் தடுக்கிற மாதிரி. அவளை அவன் ஒரு நாளும் அடித்ததில்லை. கண்ணாடியில் அதைப் பார்த்தான் ஹர்ஷா. இண்டிகேட்டரைப் போட்டு, வண்டியை ஓரம் கட்டினான்.

“எப்போலேருந்தும்மா?” என்றான். இந்தத் தடவை குரல் கேட்கவே இல்லை என்று சொல்லலாம்.

“போன வருஷ மழை லீவுலேருந்து. டிவி பக்கத்துல உக்காந்தாத்தான் தெரியும். அதுக்குத் திட்டுவீங்கல்ல. கண்ணு கெட்டுப்போச்சுன்னு சொன்னா, யாரு கெடுத்ததுன்னு கேப்பீங்கன்னு பயமா இருந்துது. அதான் பக்கத்துல இருக்கற பொண்ணு நோட்டைப் பாத்து எழுதிட்டேன். அவ தப்பா எழுதினா எனக்கும் தப்பாயிடும்.”

ஒன்பதும் பூஜ்யமும் ஹர்ஷாவுக்கு ஞாபகம் வந்தது. அதற்காகக் கத்தின கத்தல்களும், ஒவ்வொன்றாக. ஏறக்குறைய ஒரு வருஷம் தன் மகள் பாதிக் கண்ணோடு பள்ளிக்கூடம் போயிருக்கிறாள், அதைச் சொல்வதைவிடப் போர்டு தெரியாமலே இருப்பது மேல் என்று முடிவு செய்திருக்கிறாள். மாளவிகா பின்சீட்டுக்குக் கையை நீட்டி மகளின் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் இது தெரியாது. மார்க்குக்காகச் சரஸ்வதியை அசைக்காமல் காத்தவளுக்கு, பிள்ளையின் கண் தெரியவில்லை என்பது தெரிந்திருக்கவில்லை.

நாளைக்குக் காலையில் முதல் வேலையாகக் கண் டாக்டர் என்றான் ஹர்ஷா. கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு மாளவிகாவிடம், அவளைப் பார்க்காமல் கேட்டான்.

“இன்னும் எவ்வளவு இருக்கு? நான் கத்துவேன்னு ரெண்டு பேரும் சொல்லாம வெச்சிருக்கறது?”

பின்னால் வந்த பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. எப்போதும் கண்ணாடியை இறக்கிப் பதிலுக்குக் கத்துகிறவன் அன்று அசையவில்லை. மாளவிகா அவனை ஆறுதல்படுத்தவும் இல்லை, விட்டுக்கொடுக்கவும் இல்லை.

“நெறைய இருக்கு. பொறுமையா கேட்டா ஒண்ணொண்ணா வரும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. மிரட்டிக் கேட்டா யாராவது ஒருத்தர் நான்தான்னு ஒத்துக்குவாங்க. ஆனா உண்மை என்னன்னு கடைசி வரைக்கும் உங்களுக்குத் தெரியாது. பயப்படற வீட்ல லேப்டாப் மட்டும் இல்லங்க, புள்ளையோட கண்ணு போனாலும் வீட்டுக்காரனுக்குக் கடைசியாத்தான் தெரியும்.”